நாலும் புதுசு

பேட்டரி செல்லை வெயிலில் காய வைத்தால் உயிர் வரும் என்று நம்புகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, மாடிச் சுவரில் நாலு சின்ன செல்லை வரிசையாக நிறுத்திவிட்டு, காக்கை தூக்காமல் காவல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் மகள் கவியாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் என் அண்ணன் பலராமன், பக்கத்து நிலத்துக்காரர். ஒரு மாதமாக எங்கள் வேர்க்கடலையை ஏதோ மேய்ந்துவிட்டுப் போகிறது. அண்ணனின் ஆடுகள்தான் என்று என் வீட்டுக்காரர் தருமன் முடிவு கட்டி, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார்.

"மல்லாட்டைய மேஞ்சது உங்கண்ணன் ஆடு இல்லன்னு காட்டு. நானே தாம்பாளம் எடுத்துக்கினு போய்க் கூப்பிடறேன்."

மலையில் மரக்கன்று நடுகிற குழுவில் எனக்கு நர்சரி வேலை. எதிரில் ஏதாவது அசைந்தால் தானாகப் படம் பிடிக்கிற கேமரா அங்கே ஒன்று உண்டு. கெஞ்சி வாங்கி வந்து வரப்போர வேப்பமரத்தில் கட்டினேன். செல் மட்டும் நம் பொறுப்பு. வீட்டு வழக்கப்படி பழசு இரண்டு, புதுசு இரண்டு போட்டேன். ஒரு படமும் விழவில்லை. காய வைத்துப் போட்டும் விழவில்லை. புதன்கிழமை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செங்கம் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் எழில் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"ரேடியோவுக்குக் கரண்டு கொஞ்சம் கொஞ்சமா போனா போதுங்க்கா. இது படம் புடிக்கிறப்போ ஒரே இழுப்பா இழுக்கும். அல்கலைன் போடுங்க. நாலும் ஒரே கம்பெனி, நாலும் புதுசு, தேதியும் பாத்துக்குங்க. ஒண்ணு சோந்துச்சுன்னா மீதி மூணையும் கெடுத்துடும்."

"எங்க வீட்டு ஆம்பளைங்க மாதிரின்னு சொல்லு" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை எழிலின் கம்ப்யூட்டரில் படங்கள் வரிசையாகத் திறந்தன. விடியற்காலை மணி ஐந்தரை. கடலைச் செடிக்குள் மூன்று புள்ளிமான்கள். அடுத்த படத்தில் மான்கள் ஓடுகின்றன. பின்னாலேயே துண்டைச் சுழற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் ஒரு ஆள். என் அண்ணன். தன்னோடு பேசாதவரின் நிலத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போடச் சொல்லிப் பெருமையோடு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் தருமன் அந்தப் பிரின்ட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"டார்ச்சு கூட இல்லாம வந்துகிறாரு மச்சான். பாம்பு கீம்பு இருந்தா இன்னா பண்ணுவாரு?"

கேமராவிலிருந்து இரண்டு செல்லைக் கழற்றிச் சின்ன டார்ச்சில் போட்டு, அழுத்திப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, பழத்தோடு டார்ச்சையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு சட்டை மாட்டாமலே கிளம்பிவிட்டார்.

பத்து மணி வெயிலில், தாம்பாளத்தின் நடுவே டார்ச் எரிந்துகொண்டே போனது. அணைக்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். புதுசுதானே, எரியட்டும் என்று விட்டுவிட்டேன்.