வேண்டாம் என்றார்

ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊர் முதியோர் இல்லத்தை அரசாங்கம் நடத்தியவரை எட்டுப் பேருக்கு ஒரு பணிப்பெண். கம்பெனி வாங்கியதும் வரவேற்பறைக்கு மீன்தொட்டி வந்தது, பணிப்பெண்களில் பாதிப்பேர் போனார்கள். மிஞ்சிய நடீன் தலையில் பதினேழு பேர். மனுஷிக்கு இருப்பது இரண்டு கைதானே!

அவர்களில் ஒருத்தியான வெர்னாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றிருந்தது. ஊட்டினால் சாப்பிடுவாள். ஆனால் ஒரு தட்டு முடிய முக்கால் மணி நேரமாகும். அதற்கு எங்கே போவது? ஓட்டத்தில் இரண்டு வாய் கொடுத்துவிட்டு நடீன் அடுத்த அறைக்கு ஓடுவாள். திரும்பும்போது மசித்த உருளைக்கிழங்கு ஆறிப்போயிருக்கும், தட்டை எடுக்க வண்டியும் வந்திருக்கும்.

ஒவ்வொரு வேளையும் சுவரிலிருந்த கணினித் திரையில் பதிய வேண்டும்: முழுதும் சாப்பிட்டார், பாதி சாப்பிட்டார், வேண்டாம் என்றார். 'ஊட்ட ஆளில்லை' என்று அதில் ஒரு கட்டமே கிடையாது. நடீன் கடைசியை அழுத்தினாள். முதல் நாள் கூசியது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன விரலுக்குப் பழகிவிட்டது. மற்ற வேளைப் பணிப்பெண்களும் அதையேதான் அழுத்தினார்கள்.

மூன்றாவது வாரம் வெர்னாவின் மகள் ஜோலீன் அழுத கண்ணோடு வந்தாள்.

"டாக்டர் எல்லாத்தையும் காட்டினாரு, நடீன். வேளாவேளைக்கு வேணாம், வேணாம்னு இருக்கு. அப்பாகிட்டயே போயிடணும்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்க. எப்பவுமே பிடிவாதக்காரிதான். இனிமே குழாயும் வேணாம், ஊசியும் வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

ஜோலீன் நடீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கட்டாயப்படுத்தாம அவங்க மனசுபோல விட்டீங்க. ரொம்ப நன்றி."

ஐயோ, அந்த நன்றியை நடீன் எங்கே வைத்துக்கொள்வாள்? ஆப்பிள் கூழை எடுத்துக்கொண்டு வெர்னாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். மூன்று வாரத்தில் அங்கே அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கரண்டி பக்கத்தில் வந்ததுமே வெர்னா வாயைத் திறந்தாள்.

ஜோலீன் எழுந்துவிட்டாள். "பசிக்குதா? இவங்களுக்குப் பசிக்குதா?"

"பசிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. அவங்க ஒருநாளும் வேணாம்னு சொல்லல, ஜோலீன். நான்தான் உட்காரல."

கூழ் உள்ளே இறங்கவில்லை. விழுங்கும் தெம்பு போய்விட்டிருந்தது. கடைவாயில் வழிந்ததை நடீன் துடைத்தாள்.

வெர்னா மறுபடியும் வாயைத் திறந்தாள்.