கட்டில் காலுக்கு நாலு கட்டை

என் மாமியார் காசியம்மாளுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மூன்று மாதமாகக் குளிக்க வைப்பது, துணி மாற்றுவது, மலம் அள்ளுவது எல்லாம் நான்தான். என் கொழுந்தனார் மனைவி கலைமதி ஓசூரிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தாள். வந்த அன்றைக்கே நல்ல பெயர் வாங்கிவிட்டாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கட்டில் தாழ்வாக இருந்ததால் அத்தை எழுந்திருக்கச் சிரமப்பட்டார். நாலு காலுக்கும் அரை அடி உயரத்தில் கட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். பழைய வீட்டைப் பிரித்தபோது மிஞ்சிய வேப்ப உத்திரம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. அஞ்சு அங்குலக் கனம். முதலில் ரம்பத்தை எடுத்தவள் நான்தான். மேலே ஒரு கோடு போட்டு, கை வலிக்க வலிக்க ஒரே மூச்சில் அடிவரைக்கும் அறுத்தேன். மேலே கோட்டிலேயே இருந்த ரம்பம், அடியில் அரை விரல் விலகிப் போயிருந்தது. நிமிர்த்தி வைத்தால் கட்டை சாய்ந்து நின்றது.

கலைமதி அதைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். "ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தா குடுங்கக்கா" என்றாள். அச்சகத்தில் நேராக வெட்டிய அதன் மூலையை மரத்தின் விளிம்போடு ஒட்டிப் பிடித்து, ஒரு பக்கத்துக் கோடு அடுத்த பக்கத்துக் கோட்டில் போய்ச் சேரும்படி நாலு பக்கமும் கோடு போட்டாள். பிறகு ஒரு பக்கம் கொஞ்சம் அறுப்பாள், மரத்தைத் திருப்புவாள், முன்பு அறுத்த வழியிலேயே ரம்பத்தை விடுவாள். நாலு கட்டையும் செங்கல் மாதிரி நின்றன. நாற்காலியில் இருந்தபடி அத்தை அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை.

கலைமதி மருந்து வாங்கக் கடத்தூர் போனாள். என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, நான் கட்டைகளை அடியில் வைத்தேன். சுவரோரத் தலைமாட்டுக் காலில் மட்டும் அவளுடையதை எடுத்துவிட்டு என் கோணல் கட்டையைச் செருகினேன். யாருக்கும் அடிபடாது, கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அவள் பெயர் ஒரு நாளாவது கெடட்டுமே என்றிருந்தது.

அவர் வயலுக்குப் போனதும் அத்தையைப் படுக்க வைத்தேன். கட்டில் ஆடியது. அத்தை என் கையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார்.

"ஆடுது புள்ள. கலைமதிகிட்ட சொல்லிராத. ஆசையா அறுத்துச்சு."

இதிலும் அவள்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டா, நீ அறுத்த கட்டைன்னு சொல்லிரு" என்றார் அத்தை. "அவ நாளைக்கு ஊருக்குப் போறவ, மனசு நோவக் கூடாது. நீ நம்ம வூட்டுப் புள்ள. எனக்காவ இந்தப் பேர வாங்கிக்க மாட்டியா?"

மூன்று மாதமாக அவர் வாயால் கேட்கத் துடித்த வார்த்தை.

கலைமதி வந்தாள். கட்டில் ஆடுவதைப் பார்த்துத் தலைமாட்டில் குனிந்தாள். கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அறுத்தது அவளுக்குத் தெரியாதா?

"அது நான் அறுத்தது கலை" என்றேன்.

அத்தை என் கையை அழுத்தினார். தனக்காகப் பொய் சொல்ல இவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.