பதினான்கு கிளிப்புகள்

முன்னால் மகாராணி, பின்னால் கொடியில் காயப்போட்ட துணி. வீட்டில் போய்ச் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? ஜ்வாலாமாலினி இப்படி நினைத்துக்கொண்டே பதினான்காவது கிளிப்பை ரஞ்சிதத்தின் ஜாக்கெட் முதுகில் மாட்டினாள்.

செஞ்சிக் கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருப்பவள் அவள். அறுபத்தெட்டாம் வருஷத் தீபாவளிக்கு ஒரு மெட்ராஸ் ஜவுளிக்கடையின் விளம்பரப் புகைப்படம் எடுக்க வந்திருந்த சுந்தரமூர்த்தி, காலையிலேயே அவளைக் கோட்டைக்குக் கையோடு கூட்டி வந்துவிட்டார். மாடல் ரஞ்சிதத்துக்குத் தைத்து வந்த ஜாக்கெட்டுகள் எல்லாம் தொளதொள. பிரித்துத் தைக்க நேரமில்லை. முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து மரக் கிளிப் போட்டால் முன்பக்கம் கச்சிதமாகத் தெரியும்.

"மெட்ராஸ் டெய்லரு கண்ண மூடிக்கினு தச்சானா?"

"அவரு சரியாத்தான் தச்சாரு அக்கா. ஒரு மாசத்துல நான்தான் எளைச்சிட்டேன்" என்று சிரித்தாள் ரஞ்சிதம். வியாசர்பாடிப் பெண். "நைலக்ஸ் சேலைல வயிறு தெரியக் கூடாதாம். காலைலேர்ந்து ஒரே ஒரு டீ."

கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் படியில் ரஞ்சிதம் நின்றாள். காற்று முந்தானையைத் தூக்காமல் இருக்க, ஜ்வாலாமாலினி அவளுக்குப் பின்னால் குந்தி அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள். ரஞ்சிதத்தின் வயிறு போடும் சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"இன்னாடி, உள்ள தவள கத்துது?"

"சிரிக்க வைக்காதக்கா, கிளிப்பு தெறிச்சிடும்."

தெறித்தே விட்டது. ஒரு குரங்கு அதை எடுத்துக் கடித்துப் பார்த்துத் துப்பியது.

ஜ்வாலாமாலினியும் சிரித்தாள். அவளுக்குள் வேறொரு ஆசை இருந்தது, சொல்ல வெட்கம். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் நீலச் சேலையைக் கட்டி, பூ வைத்து வந்திருந்தாள். படத்தில் ஒரு முழங்கையாவது விழாதா? இத்தனை வருஷம் அவள் தைத்த ஜாக்கெட்டை ஊரே பார்த்தது. அவளை யார் பார்த்தார்கள்?

சாயங்கால வெயில் சுவரெல்லாம் மஞ்சளாக வழியத் தொடங்கியபோது சுந்தரமூர்த்தி உற்சாகமானார். ஜ்வாலாமாலினி மேற்கே ராஜகிரி மலையைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"சார், நான் சாப்டணும். நாங்க நைனாருங்க, ஜைனருங்க. பொழுது சாஞ்சா அன்னம் தொடமாட்டோம்."

"அதுக்கு இன்னும் அரைமணி இருக்கேம்மா. மலைதானே மறைக்குது, சூரியன் அங்கேதானே இருக்கும்?"

"எங்கூர்ல மல முழுங்கிட்டா முழுங்கினதுதான் சார்."

அவள் தூக்கைத் திறந்தாள். புளிச்சோற்று வாசனை படியேறியது. தவளை மறுபடி கத்தியது. இந்தத் தடவை சுந்தரமூர்த்திக்கே கேட்டுவிட்டது.

"நீ சாப்பிடலையா?"

"நீங்கதான சார் வேணான்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி, ரெண்டு வாய். சேலைல கறை படக்கூடாது."

கிளிப்புகளோடு உட்காரவும் முடியாது, குனியவும் முடியாது. ஜ்வாலாமாலினிதான் நின்றபடி உருட்டி ஊட்டினாள், கீழே இடது கையை ஏந்திக்கொண்டு.

"வேர்க்கடலத் தொவையலாக்கா?"

"மல்லாட்டதான். வாய மூடிக்கினு மெல்லுடி."

பக்கவாட்டில் காமிரா சொடுக்கும் சத்தம் கேட்டது. சுந்தரமூர்த்தியின் முகமே மாறியிருந்தது.

"இத்தனை நாள் சேலையைத்தான் எடுத்திருக்கேன். இன்னைக்குத்தான் மனுஷங்க வந்திருக்காங்க! கிளிப்பு, சோறு, எல்லாமே விழுது. உங்க முகம் எவ்வளவு நல்லா விழுது தெரியுமாம்மா? தீபாவளி மலர்ல முழுப் பக்கம் கேக்கறேன்."

முழுப் பக்கம். கடைத்தெரு முழுக்க அந்தப் பக்கம் கை மாறுவதை ஜ்வாலாமாலினி மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். கை தானாக நெற்றி முடியை ஒதுக்கியது.

"இன்னொண்ணு வேணும். கவளத்தை வாய்கிட்ட நீட்டிப் பிடிங்க, ஆனா ஊட்டிடாதீங்க. உள்ளே போனா கன்னம் உப்பிடும். அப்படியே அஞ்சு நிமிஷம், ஃபிலிம் மாத்திடறேன்."

அவள் நீட்டினாள். ரஞ்சிதம் வாயைத் திறந்தபடி, கண்ணைக் கவளத்தின் மேல் வைத்து நின்றாள். ராஜகிரியின் விளிம்பில் வெயில் நகக்கண் அளவுக்கு மிச்சமிருந்தது.

"ஊட்டிடாதீங்கம்மா" என்றார் சுந்தரமூர்த்தி, ஃபிலிமிலிருந்து தலை நிமிராமல்.

ஜ்வாலாமாலினி மலையைப் பார்த்தாள். கவளத்தை ரஞ்சிதத்தின் வாயில் வைத்தாள். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மூன்றாவதை உருட்டத் தொடங்கினாள்.