அக்கா புகழ்ந்த சோறு

பஸ் டிப்போ கேன்டீனில் கரண்டி பிடிப்பவள் நான். அண்டா என்னுடையதல்ல, அடுப்பும் என்னுடையதல்ல. ஆனாலும் தட்டை நீட்டுகிற டிரைவரும் கண்டக்டரும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "எப்படிக்கா இன்னிக்கு?" உள்ளதை உள்ளபடி சொல்வேன். கெட்டுப்போயிருந்தால், "வேணாம், அடிப்பிடிச்சிருச்சு." சுமாராக இருந்தால், "பசிச்சா சாப்பிடு." நன்றாக இருந்தால், "பரவாயில்ல." அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது. வாய் அப்படி அமைந்துவிட்டது, என்ன செய்ய?

இந்தப் "பரவாயில்ல"யால் வீட்டில் ஒரு பனிப்போரே நடந்துகொண்டிருந்தது. தம்பி தன் கல்யாணத்துக்கு முன்னால், பார்த்திருந்த பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, "பரவாயில்லடா, கட்டிக்கோ" என்றேன். அந்த மடையன் அதை அப்படியே அவளிடம் போய் ஒப்பித்துவிட்டான். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் "வாங்க அண்ணி" என்பாள், அதோடு சரி.

அவள் படித்தது ஊட்டச்சத்துப் படிப்பு. படி ஏறினாலே மூச்சு வாங்குகிற டிரைவர்கள் டிப்போவில் பெருகிவிட்டார்கள் என்று மேனேஜர் ஓர் உணவு ஆலோசகரை வரவழைத்தார். வந்து நின்றவளைப் பார்த்தால், என் தம்பி பொண்டாட்டி!

"நாம சொந்தம்னு இங்க யாருக்கும் தெரிய வேணாம் அண்ணி."

"சரிம்மா," என்றேன். எனக்கும் அதுவே வசதி.

மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை அண்டா காலியாக வேண்டும். இல்லையென்றால் அவள் வீட்டுக்கு, பழைய எண்ணெய்ச் சட்டி அடுப்புக்கு.

திங்கட்கிழமை முழுதானியச் சோறும் பயறும் கீரையும் வந்தன. பக்கத்தில் ஒரு போர்டு: "நார்ச்சத்து மிக்கது. உப்பு குறைக்கப்பட்டது. இதயத்துக்கு உகந்தது." டிரைவர்களில் ஒருவனுக்கு ஹாரன் என்று பெயர். அவன் பேசினால் வண்டிக்கு வேறு ஹாரன் தேவையில்லை. அவன் போர்டைப் படித்துவிட்டு, "யாருக்குக்கா உடம்பு சரியில்ல?" என்றான். சாயங்காலத்துக்குள், டிரைவர்களுடைய மெடிக்கல் ரிப்போர்ட்டை ஆபீஸ் மறைக்கிறது என்று டிப்போ முழுக்கப் பேச்சு.

நான் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். பயறு பல்லில் கடகடவென்றது.

"பசிச்சா சாப்பிடு," என்றேன். அன்றைக்கு யாருக்குமே பசிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் போர்டை இன்னும் பெரிய எழுத்தில் எழுதினாள். அண்டா முந்தின நாளைவிட நிறைந்து திரும்பியது.

புதன்கிழமை தம்பி வந்து கையைப் பிசைந்தான். "அக்கா, ஒரே ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லேன். இந்த வேலையும் போச்சுன்னா அவ உடைஞ்சு போயிடுவாக்கா." எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் முகம் வாடினால் எனக்கும் வலிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை ஹாரன் வழக்கம்போல் தட்டை நீட்டினான். "எப்படிக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு! பிரமாதம்!"

ஹாரன் நீட்டிய தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "டேய், அக்காவை மிரட்டிட்டாங்கடா!"

சங்கத் தலைவர் கை கழுவாமலே ஓடி வந்தார். "யார் மிரட்டினாங்க, சொல்லுங்கம்மா. இப்பவே வண்டியை நிறுத்திடறோம்." மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு பிரமாதத்துக்கு ஊரே நின்றுவிடும்போல இருந்தது.

"யாரும் மிரட்டல!" என்று கத்தினேன். "இவ என் தம்பி பொண்டாட்டி. இவ வேலை போயிடக் கூடாதுன்னு பொய் சொன்னேன். பயறு வேகல, சோறு சப்புன்னு இருக்கு. போதுமா?"

சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். போச்சு, குடும்பம் ரெண்டு பட்டது என்று நினைத்தேன்.

அவள் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு ஹாரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"வேகலதான்," என்றாள். "வீட்டு குக்கர்ல வெந்துச்சு. அந்தக் கணக்கு இந்த அண்டாவுக்குச் சரிப்படல. நான் ருசி பாக்காமலே அனுப்பிட்டேன்." பிறகு எல்லோரையும் பார்த்து, "எப்படி இருந்தா சாப்பிடுவீங்க?" என்றாள்.

கேட்டதுதான் தாமதம். பூண்டு என்றான் ஒருவன், எலுமிச்சம்பழம் என்றான் இன்னொருவன். "முதல்ல அந்த போர்டைக் கழட்டுங்கம்மா, பாத்தாலே ஊசி போட வர்ற மாதிரி இருக்கு," என்றான் ஹாரன். உப்பு கேட்டவர்களுக்கு மட்டும் முடியாது என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை அதே போர்டில் ஒரு வரிதான் இருந்தது: "நேத்து பயறு வேகல. இன்னிக்கு வெந்துடுச்சு."

வரிசை என் முகத்தையே பார்த்தது. ஒரு வாய் போட்டேன். இன்னொரு வாயும் போட்டுக்கொண்டேன்.

"பரவாயில்ல."

"அக்காவே பரவாயில்லன்னுட்டாங்கடா! ரெண்டு கரண்டியா போடுங்க!" ஹாரன் போட்ட சத்தத்தில் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தட்டுகள் முட்டி மோதின. அண்டாவில் அடி தெரிந்தது.

அவள் காலி அண்டாவைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, கல்யாணத்துக்கு முன்னாடி என்னைப் பத்திச் சொன்னீங்களே, அதுவும் இந்தப் பரவாயில்லதானா?"

"என்கிட்ட வேற ஏதுடி?" என்றேன்.