பன்னிரண்டு ஆணி

உமைமா கேட்டது பத்து ஆணி. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் பலகையைக் கொடுத்தாள்.

"வட்டம் நானே போட்டுக்கீறேன். அதும் மேலயே சுத்திப் பத்து ஆணி. சரிசமமா. அவ்ளோதான் அத்தா."

"பெயிண்டு?"

"வேணாம்."

"ஓரத்துல ஜிகினா லேஸு ஒண்ணு..."

"அத்தா."

ஷாகுல் ஹமீது வாயை மூடிக்கொண்டார்.

போன வருஷம் நடந்தது அப்படி. உமைமா அப்போது நாலாம் வகுப்பு. பள்ளியில் கணக்குக் கண்காட்சி. அட்டையில் கனசதுரம் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். எம்.சி. ரோட்டில் வளையல் மொத்தக்கடை வைத்திருக்கிறவர் வீட்டிலிருந்து வெறும் அட்டை போகலாமா? பக்கத்துக்குப் பக்கம் கண்ணாடி வளையல் ஒட்டினார். ஜிகினா தூவினார். மூலைக்கு மூலை குஞ்சம் கட்டினார். அட்டை, கடைக்குச் சரக்கு வந்த பெட்டியில் வெட்டியது. அடிப்பக்கத்தில் 'ஷாகுல் பேங்கிள்ஸ், மொத்தம், சில்லறை' என்ற ஸ்டிக்கர் இருந்ததை அவர் பார்க்கவில்லை. மிஸ் பார்த்தார். வாய்விட்டு வாசித்தார். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அங்கே அவள் பேர் வளையல்.

அதன் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. பள்ளியிலிருந்து வரும் சீட்டெல்லாம் அம்மா காத்தூன் பீவியிடம் போனது. இந்த வருஷக் கண்காட்சிக்கும் அம்மாவிடம்தான் போனாள். காத்தூன் சுத்தியலை ஓங்கி, முதல் அடியைத் தன் கட்டைவிரலிலேயே வாங்கிக்கொண்டாள். பலகை அவர் கைக்கு வந்தது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை. கடையை ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். பலகையில் ஜிகினா ஒட்டிவிடக் கூடாதென்று இரண்டு முறை கை கழுவினார். வட்டத்தின் மேலே ஒரு ஆணி, கீழே ஒன்று, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இடைவெளிகளில் இரண்டிரண்டு. நூல் பிடித்து அளந்து அடித்தார். ஒரு ஆணிகூடச் சாயவில்லை. செய்தித்தாளில் சுற்றிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டு அவர் மதியம் வீட்டுக்குப் போனதில்லை. அன்று போனார்.

கல்மண்டபத்தில் இரண்டாவது மாடி வீடு. உமைமா தாளைப் பிரித்தாள். விரல் வைத்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"இன்னா அத்தா இது?"

"இன்னாம்மா?"

"பன்னெண்டு கீது."

அவரும் எண்ணினார். மூன்று, மூன்று, மூன்று, மூன்று.

வளையலை அப்படித்தான் எண்ணுவார்கள். ஒரு பிடிக்கு மூன்று, நாலு பிடிக்கு ஒரு டஜன். கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், வாய் பேரம் பேசும், கை பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கை தப்பியதில்லை. காது பத்து என்று கேட்டிருந்தது. கை டஜன் அடித்துவிட்டது.

"பொண்ணுக்கு ரெண்டு கொசுறு போட்டுக்கீறார்," என்றாள் காத்தூன் சமையலறையிலிருந்து.

உமைமா சிரிக்கவில்லை.

"ஏழாம் வாய்ப்பாடு அத்தா. கடைசி நம்பர் மட்டும் எடுக்கணும். ஏழுக்கு ஏழு. பதினாலுக்கு நாலு. இருவத்தொண்ணுக்கு ஒண்ணு. சைபர்லேர்ந்து ஒம்போது வரிக்கும் பத்து ஆணி. அதே வரிசையில நூல இஸ்துகினு போனா நட்சத்திரம் வரும். நோட்டுல போட்டுப் பாத்துட்டேன்."

"ரெண்டப் புடுங்கிட்டா?"

"சந்து வுழும். கோணிக்கும்."

"வேற பலகை?"

"கீழ ஆசாரி குடுத்தாரு. இன்னிக்கி லீவு. நாளிக்கிக் காலில எட்த்துகினு போணும்."

அவள் அழவில்லை. பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"வுடு. சார்ட்டுலயே வரஞ்சிக்கிறேன்." பிறகு அம்மா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "இனிமே எது குடுத்தாலும் நீயே செய்மா. வெரலு போனாப் போவுது."

தட்டில் சோறு போட்டிருந்தது. சங்கரா மீன் குழம்பு. ஷாகுல் ஹமீது கை நனைக்கவில்லை. பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆணித் தலைகளின் மேல் விரல் ஓடியது. மூன்று, மூன்று, மூன்று, மூன்று.

"டஜன்லயும் ஏழு போவுமே," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"வாய்ப்பாடு எப்டி டஜன்ல போவும்?" சார்ட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள் உமைமா.

"போவாம? வளைகாப்புக்கு வாங்க வந்தா ஆளுக்கு ஏழுன்னு கேப்பாங்க. நம்ம கிட்ட கட்டு டஜன்லதானே கீது. ரெண்டு பேருன்னா ஒரு டஜன், ரெண்டு உதிரி. மூணு பேருன்னா ஒரு டஜன், ஒம்போது உதிரி."

"நாலு பேரு?"

"ரெண்டு டஜன், நாலு உதிரி."

"அஞ்சு?"

"ரெண்டு டஜன், பதினொண்ணு."

இப்போது தலை தூக்கினாள். "ஒம்போது பேரு?"

"அஞ்சு டஜன், மூணு."

நோட்டில் பெருக்கினாள். அறுபத்து மூன்று. ஐந்து டஜனைக் கழித்தாள். மூன்று. அவர் அதற்குள் மீன் தலையைப் பூனைக்கு ஒதுக்கச் சொல்லி மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

உமைமா எழுந்து வந்தாள். பலகையை வாங்கி உச்சி ஆணியில் சைபர் என்று எழுதினாள். அங்கிருந்து சுற்றிவரப் பதினொன்று வரை எண் போட்டாள். சிவப்பு நூலை உச்சியில் கட்டினாள்.

"டஜன வுட்ரு. உதிரிய மட்டும் சொல்லு."

"ஏழு."

நூல் ஏழுக்குப் போனது.

"ரெண்டு. ஒம்போது. நாலு."

"மெதுவா அத்தா."

"பதினொண்ணு. ஆறு. ஒண்ணு."

காத்தூன் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எட்டு. மூணு. பத்து. அஞ்சு." கொஞ்சம் நிறுத்தினார். "பன்னெண்டு பேரு. ஏழு டஜன். உதிரி இல்ல."

நூல் உச்சி ஆணிக்கே திரும்பி வந்திருந்தது. ஒரு ஆணி விட்டுப்போகவில்லை. ஒரு ஆணிக்கும் இரண்டு முறை போகவில்லை. பன்னிரண்டு முனையுள்ள நட்சத்திரம். நூலெல்லாம் நேர்கோடு. ஆனால் நடுவில் நூல் போகாத இடம் ஒன்று மிஞ்சி, சின்ன வட்டமாக நின்றது. கைக்குழந்தைக்குப் போடும் அளவு.

"அந்த ரவுண்ட யாரு போட்டது?" என்றாள் காத்தூன்.

"யாரும் போடல. அதுவா வந்திச்சு."

உமைமா பலகையைத் தூரப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"அத்தா."

"ம்."

"இதுலயும் வளையல வெச்சிட்ட."

ஷாகுல் ஹமீது பலகைக்குக் கை நீட்டினார். "வேணாம்னா அவுத்துரலாம்மா. சார்ட்டே நல்லாத்தான் கீது."

அவள் நூலை உச்சி ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"ஏன் பன்னெண்டுன்னு மிஸ் கேப்பாங்க. எனக்கு உன்ன மாதிரி டக்குனு வராது. நீயே வந்து சொல்லு."

"நானா?"

"நாளிக்கிப் பத்து மணிக்கு."

"பசங்க சிரிப்பாங்களேம்மா."

"சிரிக்கட்டும். எட்டுப் பேருக்கு எத்தினி உதிரின்னு கேளு. எவன் சொல்றான்னு பாப்போம்." சார்ட்டைச் சுருட்டினாள். "சட்டைய மாத்திகினு வா. காலர்ல ஜிகினா கீது."

அவர் காலரைத் தட்டினார். போகவில்லை.

"சோத்தத் துண்ணுங்க மொதல்ல," என்றாள் காத்தூன்.

கடைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. தெரு நிறையக் கூட்டம். பக்கத்துத் துணிக்கடை லியாகத் அலி எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், ஞாயித்துக்கெழமயும் அதுவுமா ஷட்டர எறக்கிட்ட?"

"நாளிக்கும் லேட்டாத்தான் தொறப்பேன்."

"இன்னா விசேஷம்?"

"பொண்ணு இஸ்கூலுக்கு வரச் சொல்லிக்கீது."

"ஏன், எதுனா வம்பா?"

"வம்பெல்லாம் இல்ல. கூப்ட்டுக்கீது."

ஷட்டரை ஏற்றியதும் மணலி புதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மா பச்சைக் கண்ணாடி வளையலில் நாலு டஜன் கேட்டுக் கல்லாப் பக்கம் வந்து நின்றார். ஷாகுல் ஹமீது எடுத்து எண்ண ஆரம்பித்தார். மூன்று, மூன்று. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வளையல்களை மறுபடி பெட்டியில் போட்டு முதலிலிருந்து எண்ணினார்.