கீழறைக் குறட்டை

ரொட்டிக்காரியின் கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் இன்ஜின். கைராசிக்காக வைத்தது என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். மதியம் அவர் கண்ணயர்ந்தால் கிளம்புகிற சத்தத்துக்காக வைத்தது என்பது மற்ற எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்துத்தான் ரொட்டிக்காரி பாதி ஆயுளைக் கழித்தாள். விடியுமுன் எழுந்து பேக்கரிக்குப் போய் அடுப்பைக் கவனிக்க வேண்டியவள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் சூடான தட்டின்மேல் முன்கையைப் பதித்துவிட்டாள். கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தால், அதற்குள் செய்தி எட்டி மனுஷனின் கட்டில் கீழறைக்குப் போயிருந்தது. யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டுக்கு அடியில் பழைய சாமான் கிடந்த அறை அது. மேலே சுவரோரம் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல், அதுவும் துருப்பிடித்துத் திறக்காது. இங்கேதான் குளுகுளுவென்று இருக்கிறது, ராஜா மாதிரி தூங்குகிறேன் என்றார். ராஜா அங்கேயே தங்கிவிட்டார். வருஷங்களும் ஓடிவிட்டன.

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பக்கத்து வீட்டுக் கீழறையில் ரேடான் அதிகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை அளக்க உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். மண்ணிலும் பாறையிலும் இயற்கையாகவே இருக்கிற யுரேனியத்திலிருந்து பிறக்கிற வாயுவாம் அது. தரை விரிசல் வழியே ஏறி வந்து, காற்றோட்டமில்லாத அறையில் தேங்கிவிடும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வருஷக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம், சிகரெட் பிடித்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். நீ பிறந்த அன்றைக்கே விட்டுவிட்டேன், என்னை ஏன் முறைக்கிறாய் என்றார் அவர்.

டப்பாவைக் கட்டில் பக்கத்து அலமாரியில் மூடாமல் மூன்று மாதம் வைக்க வேண்டும், பிறகு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் அளவு சொல்வார்கள் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

அனுப்ப வேண்டிய வாரம். ரொட்டிக்காரி படுக்கை விரிப்பு மாற்றக் கீழே போனாள். அலமாரியைத் துடைக்க டப்பாவை எடுத்தால், கையில் வந்தது தைலக் குப்பியின் கறுப்பு மூடி. படியில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கட்டிலுக்கடியில் அவருடைய தகரப் பெட்டி இருந்தது. ரப்பர் வளையம் வைத்த மூடி, காற்றுப் புகாது. டிப்போ காலத்து அளவுமானிகளையெல்லாம் அதில்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். திறந்தாள். மெழுகுத்துணியில் சுற்றி, பிள்ளையைத் தூங்கவைத்தது போல் கறுப்பு டப்பா.

அவர் மேலே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்னங்க?"

"கருவியத் தூசியில போடலாமா? எங்க டிப்போவில..."

"சரி. இந்த மூடிக்கு என்ன வேலை? காவலா?"

அவர் வெங்காயத்தையே பார்த்தார். கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று அவள் கேட்கவில்லை.

"அளவு கூடுதலா வந்தா மேல வந்து படுங்கன்னு சொல்லுவே. நான் வந்தா உனக்குத் தூக்கம் போச்சு. நெருப்புக்கிட்ட நிக்கிறவ நீ."

"கை சுட்டா மருந்து போட்டுக்கலாம். உங்க நெஞ்சுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

அன்றைக்கே கட்டில் மேலே ஏறியது. மகள் புது டப்பா கொண்டுவந்து, கூடவே அப்பாவுக்கு அரைமணி நேரம் அர்ச்சனையும் செய்தாள். இந்த முறை கீழறையில் டப்பா மட்டும் தனியாக இருந்தது. வந்த அளவு, இருக்கலாம் என்று சொல்கிற அளவைப்போல் மூன்று மடங்கு. மகள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் நெஞ்சைப் படமெடுக்க வைத்தாள். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, வருஷாவருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் ரொட்டிக்காரி அன்றைக்குத் தண்ணீரே குடித்தாள்.

பிறகு ஆள் வந்து விரிசல்களை அடைத்தான். கீழறைத் தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, கூரைவரை கொண்டுபோய், மண்ணுக்கடியில் சேர்கிற காற்றை வெளியே இழுக்க விசிறி வைத்தான். குழாய் படுக்கையறை மூலை வழியாகத்தான் போக முடிந்தது. மறுபடி அளந்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது.

அன்று மதியம் மெக்கானிக் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கீழதான். இப்ப காத்து சுத்தமாயிடுச்சே. நீ நிம்மதியாத் தூங்கு."

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கட்டில் மேலே வந்த மறுநாளே முதலாளியிடம் கேட்டு, அடுப்பை விட்டு மாவு மேசைக்கு மாறிவிட்டதை அப்போதுதான் சொன்னாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க தைலமூடி வச்சதை எங்கிட்ட சொன்னீங்களா? மாவுல தூங்கி விழுந்தா மூஞ்சி வெளுக்கும், அவ்வளவுதான். தலையணைய வைங்க."

வைத்தார். படுத்துப் புரண்டு பார்த்தார். மூலையில் குழாய் உம்மென்று உறுமிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இது தினமும் இப்படிக் கத்தினா பக்கத்துல மனுஷன் எப்படித் தூங்குறது?"

ரொட்டிக்காரி தன் காதுக்கு வைத்திருந்த பஞ்சில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினாள்.