கும்பிடுபூச்சி சொன்ன பனி

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு குட்டு வெளிப்பட்டு அசடு வழிய வேண்டாம் பாருங்கள்.

டிசம்பர் பிறந்தும் எங்கள் மலையில் பனி இல்லை. நான் பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடுகிறவன். மெழுகு பூசிய பலகைக்கே மறுபடி மெழுகு பூசி, அலுத்துப்போய், தேவதாருத் தோப்புப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு மரத்தில், என் தலைக்கு மேலே, வெட்டிய குச்சி ஒன்றை யாரோ நீலக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். குச்சியில் ஒரு கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு, காய்ந்துபோன நுரை மாதிரி.

அவ்வளவுதான் நிஜம். கட்டியது யாரென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சரக்கு.

(ஜப்பானில் எங்கள் நீகாத்தா மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை; உங்களுக்காகச் சொல்கிறேன். கும்பிடுபூச்சி எந்த உயரத்தில் முட்டையிடுகிறதோ அந்த உயரத்துக்குப் பனி விழும் என்பார்கள். முட்டை பனியில் புதைந்துவிடக் கூடாதல்லவா? ஆராய்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லையாம். பூச்சியை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனிக்காகக் காத்திருந்த அந்த மலை, தன் நெஞ்சுக்குள்…"

சீ, வேண்டாம். மலை எதற்கும் காத்திருப்பதில்லை. காத்திருப்பது நாங்கள்தான்.

அடுத்தது: "மிசாவோ கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது தொகுஜி இன்னும் தூக்கத்தில் இருந்தான்." இது பரவாயில்லை. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

தொகுஜியும் மிசாவோவும் கணவன் மனைவி. பனி சரியில்லாத வருடங்களில் தொகுஜி டோக்கியோ பக்கம் சாலை வேலைக்குப் போய்விடுவான், வசந்தத்தில்தான் திரும்புவான். பனி நன்றாக இருக்கும் என்று தெரிந்தால் ஊர் சேர்ந்து சறுக்குமலையைத் திறக்கும். அப்போது ஆட்களை மேலே ஏற்றிச் செல்லும் தொங்கு நாற்காலிகளை ஓட்டுவது அவன் வேலை. ராத்திரி வீட்டுச் சாப்பாடு. ஆனால் கொஞ்ச காலமாக வருடா வருடம் டோக்கியோதான்.

திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இலையுதிர்காலத்தில் ஊர்க்கூட்டம். வானிலை அறிக்கை, இந்தக் குளிர்காலம் சூடு என்றது. "அது கெடக்கட்டும், பூச்சி என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வாப்பா" என்று வழக்கம்போலத் தொகுஜியை அனுப்பினார்கள். தோப்பு அவனுடையது.

அவன் போவதற்கு முன்னால் மிசாவோ போய்ப் பார்த்துவிட்டாள். முட்டைக்கூடு முழங்கால் உயரத்தில் இருந்தது. அப்படியென்றால் இந்த வருடமும் தனியாகத்தான். அவள் குச்சியை வெட்டி, தன் தலை உயரத்துக்குக் கட்டினாள். ஒரு குளிர்காலம், ஒரே ஒரு குளிர்காலம், புருஷன் வீட்டில் இருக்க வேண்டும். வேறு பேராசை கிடையாது அவளுக்கு.

3

இதுவரை எழுதியதை என் மனைவி கிகுயோவிடம் கொடுத்தேன். முள்ளங்கி நறுக்கிக்கொண்டே படித்தாள்.

"இவளுக்கென்ன பைத்தியமா? நீங்க டோக்கியோ போன வருஷமெல்லாம் நான் எந்த மரத்துல போய்க் கயிறு கட்டினேன்?"

"கட்டலையா?"

"வீடு நிம்மதியா இருந்துச்சு. காலை நீட்டித் தூங்கினேன்."

(இதைக் கதையில் சேர்க்க மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன்.)

"அதுகூடப் போகட்டும். உங்க தொகுஜி அந்தத் தோப்புலயே பொறந்து வளந்தவன். குச்சியக் கயித்துல கட்டியிருக்கறது கண்ணுக்குத் தெரியாதா? அவ்வளவு மக்கா அவன்?"

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. ஆகவே தொகுஜி பார்த்துவிட்டான். பார்த்துவிட்டும் கூட்டத்தில் வந்து, "தலைக்கு மேல இருக்கு" என்றான். ஊர் கைதட்டியது. விடுதிக்காரர்கள் அரிசி மூட்டைகளை இறக்கினார்கள், மெத்தைகளைப் புதுப்பித்தார்கள்.

அவன் ஏன் பொய் சொன்னான்? சத்தியமாக அப்போது எனக்கும் தெரியாது.

4

டிசம்பர் முழுக்க மூடுபனிதான். வெள்ளோட்டம் பார்க்கத் தொகுஜி இயந்திரத்தைப் போட்டான். காலி நாற்காலிகள் ஒவ்வொன்றாக மூடுபனிக்குள்ளிருந்து வந்து, யாரையும் ஏற்றிக்கொள்ளாமல், திரும்ப மூடுபனிக்குள் போயின. கீழே பழுப்புப் புல். தொலைக்காட்சியில் பனி நாளைக்கு என்றார்கள். மறுநாளும் நாளைக்கு என்றார்கள்.

மிசாவோவின் கனவில் வீட்டுக்குள் பனி பெய்தது. சோற்றுப் பானைமேல், போர்வைமேல், தூங்கும் புருஷனின் புருவத்தின்மேல். விழித்துப் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஆனால் ஆள் இருந்தான், பக்கத்திலேயே, குறட்டை விட்டுக்கொண்டு. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஊர்க்காரர்கள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நினைத்தாள். விடுதிக்காரர்களைத் தெருவில் கண்டால் வழக்கத்தைவிடக் குனிந்து வணங்கினாள்.

அப்போது டோக்கியோவிலிருந்து சாலை வேலை மேஸ்திரி தொலைபேசியில் பேசினார். ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது, நாளைக் காலைப் பேருந்தில் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள்.

5

பேருந்து நிறுத்தம். அவன் பையில் அவள் கையால் பிடித்துக் கொடுத்த சோற்று உருண்டைகள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். அந்த முட்டைக்கூடு…"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"பாத்த அன்னிக்கே. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஊருக்கு முன்னாடி பொய் சொன்னீங்க?"

"பொய்யில்லயே. நீ கட்டினது என் மூக்கு வரைக்கும்தான் இருந்துச்சு. அது பத்தாதுன்னு அவுத்து, தலைக்கு மேல நான்தான் கட்டினேன்."

"அட பாவி மனுஷா!" அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"எனக்கு மட்டும் அங்க போய்க் கெடக்கணும்னு ஆசையா? உன்கூட இருக்கணும்போல இருந்துச்சு, மிசாவோ."

6

முடிவு ஒன்று: "முதல் பனித்துகள் அவன் தொப்பியில் வந்து விழு…"

"விழும் விழும்," என்றாள் கிகுயோ, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "பலகை வாடகைக்கு விடறவன் எழுதினா பனி பெய்யாம என்ன பண்ணும்?"

முடிவு இரண்டு: "பனி பெய்யவில்லை. அவன் போனான். அவள் விடுதி விடுதியாக ஏறி இறங்கி, நடந்ததைத் தானே…" இதையும் முடிக்க முடியவில்லை. நியாயம் இதுதான் என்று தெரிகிறது, கை வரமாட்டேன் என்கிறது. கடைக்காக மட்டுமில்லை. அந்தப் பெண்ணைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பனியை விற்றுப் பிழைப்பவர்கள் இல்லை. உங்கள் வார்த்தையை நம்பலாம். வானம் தாழ்ந்து வந்திருக்கிறது, அது எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பேருந்து வந்து கதவு திறந்தாயிற்று. தொகுஜி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான். ஓட்டுநர் எதுவும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் மிசாவோ அவன் சட்டைக் கையை இன்னும் விடவில்லை.